முறத்தில் மூன்று ஓட்டை

எங்கப்பா எனக்கு நகை போடவில்லை. துப்பாக்கி வைத்துவிட்டுப் போனார். பயிர் காக்கும் நாட்டுத் துப்பாக்கி. ஒவ்வொரு வெடிக்கும் குழலின் வாய் வழியாக மருந்தும் ஈயக் குண்டும் கையால் கெட்டிக்க வேண்டும். லைசென்ஸ் என் பேருக்கு மாறியது. நான் கையெழுத்துப் போடக் கற்றதே அந்தக் காகிதத்துக்காகத்தான்.

எண்பதுகளின் தொடக்கம். மலையில் வெள்ளக்கடை ஊருக்கு மேலே எங்கள் ராகிக் காடு கதிர் பிடித்திருந்தது. அது காட்டுப்பன்றிகளுக்கும் தெரிந்துவிட்டது. பழைய முறத்தின் நடுவில் சுண்ணாம்புப் பொட்டு வைத்து, மண்மேட்டில் சாய்த்து, முப்பது தப்படி தள்ளி நின்று சுட்டுப் பழகினேன். முதல் குண்டு முறத்தின் ஓரம். இரண்டாவது மண்ணில். மூன்றாவது போன இடம் மலைமேல் இருக்கும் சேர்வராயன் சாமிக்கே வெளிச்சம். தோள் வீங்கியது, காது ரீங்கரித்தது. ஆனாலும் புகை கலைவதற்குள் ஓடிப்போய்ப் பார்க்கும் அந்தக் குறுகுறுப்பு, திருவிழா ராட்டினத்தில்கூட எனக்கு வந்ததில்லை.

என் வீட்டுக்காரரின் அண்ணன் முறத்தைப் பார்த்துச் சிரித்தார். "ஏம்மிணி, உனக்கு எதுக்கு இந்தப் பாரம்? எம்பேருக்கு எழுதிக் குடுத்துரு. உங்காடு, எங்காடு ரெண்டையும் நானே காவல் பாத்துக்கறேன்."

எந்தக் காட்டுக்கு முதல் காவல் என்று எனக்குத் தெரியாதா?

"இன்னும் நாலு வெடிக்கு மருந்து இருக்குதுங்க மாமா. ஞாயித்துக்கெழம நாலுல ஒண்ணு பொட்டுல உளுகுலீன்னா, கையெழுத்துப் போட்டர்றேன்" என்று வாயை விட்டேன்.

அப்புறம்தான் யோசனை வந்தது. உள்ளங்கைக் கணக்கில் போட்டால் மருந்து ஒரு தடவை கூடும், ஒரு தடவை குறையும்; குண்டு எப்படி ஒரே இடத்துக்குப் போகும்? கடைசிப் பையனுக்குப் பால் புகட்டிய பாலாடையை எடுத்தேன். ஒவ்வொரு வெடிக்கும் தலை தட்டி ஒரே அளவு, ஒரே நீளத்துக்குத் தேங்காய் நார், கம்பியால் எண்ணி ஏழு குத்து.

"ஏம்புள்ள, அதுல மறுபடி எம்மவனுக்குப் பால் ஊத்தீராத" என்றார் வீட்டுக்காரர்.

ஞாயிற்றுக்கிழமை மாமா கையில் காபி டம்ளரோடு வந்து நின்றார். நான்கில் மூன்று வெடியை வரிசையாக வெடித்தேன். அவர்தான் முதலில் ஓடினார்.

"பொட்டுல ஒண்ணுகூட இல்ல! மூணும் எடது பக்கம். காயிதத்த எடும்மிணி!"

நானும் பின்னாலேயே ஓடினேன். பொட்டுக்கு ஒரு சாண் இடதுபக்கம் மூன்று ஓட்டைகள், பக்கத்தில் பக்கத்தில். மாமாவின் டம்ளரைப் பிடுங்கி, மிச்சக் காபியைக் கொட்டி, முறத்தின்மேல் கவிழ்த்தேன். மூன்று ஓட்டையும் அதன் வாய்க்குள் அடங்கின. எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

"மாமா, துப்பாக்கி சொன்ன பேச்சக் கேக்குதுங்க! நாந்தான் எடத்த மாத்திச் சொல்லிட்டேன்."

"எங்காபி..." என்றார் அவர்.

நான்காவது வெடிக்குப் பொட்டைவிட்டு ஒரு சாண் வலதுபக்கம் குறி வைத்தேன். மூச்சை அடக்கினேன். டமார்! புகைக்குள் புகுந்து ஓடினேன். பொட்டு இருந்த இடத்தில் ஓட்டை. அதற்குள் மண்மேடு தெரிந்தது.

மாமா அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு குரலை இறக்கி, "அம்மிணி, அப்படியே எங்காட்டுப் பக்கமும் ஒரு நடை வந்துட்டுப் போ" என்றார்.

"வர்றேனுங்க மாமா. ராத்திரி நீங்க வெளிய போனா மட்டும் ஒரு கொரல் குடுங்க. இருட்டுல எனக்குப் பன்னியும் தெரியாது, பெரியவங்களும் தெரியாது."