அப்பா எழுதிய குளம்

எங்கள் ஊர்க் கிணற்றை வெட்டியது யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இங்கிலாந்தில், நான் பார்த்தே இராத ஒரு குக்கிராமத்தின் கல்பாலத்தைக் கட்டியது யார், அங்கே கோயில் மணி எப்படி விரிசல் விட்டது, பீடத்துக்குப் பூ வைக்கும் அக்காவும் தங்கையும் எதற்காகப் பேச்சை நிறுத்தினார்கள் என்பதெல்லாம் அத்துப்படி. எழுபதுகளில் சாயர்புரத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவனின் சரித்திர அறிவு அவ்வளவுதான்.

எங்கள் வேதக்கோயிலைக் கட்டிய வெள்ளைக்காரப் பாதிரி ஐயர் அந்த இங்கிலாந்துக் கிராமத்துக்காரர். அந்த உறவில் அங்கிருந்து மாதாமாதம் சபைப் பத்திரிகை வரும். மிஷன் பள்ளித் தலைமை ஆசிரியரான அப்பா ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அதைத் தமிழில் வாசிப்பார். உடனே அந்த ஊருக்காக ஜெபம். பெரும்பாலும் அங்கே மழை நிற்க வேண்டும் என்றுதான். தூத்துக்குடி உப்பளக்காரர்கள் மழை வேண்டாமென்று வேண்டுவது போதாதென்று நாங்களும் சேர்ந்துகொண்டோம். கப்பல் தபால் வந்து சேர இரண்டு மாதம் ஆகும். நாங்கள் முழங்கால் போடுவதற்குள் அந்த மழை எப்போதோ விட்டிருக்கும்.

இங்கே கிணறு வற்றி, எங்கள் குளம் வெடித்துக் கிடந்தது. அம்மா தேரிச் செம்மணலில் ஒரு மைல் நடந்து குடம் சுமந்தாள்.

"ஒரு ஞாயித்துக்கெழம நம்ம ஊரு மழைக்கும் ஜெபம் வைக்கச் சொல்லுங்களேன்" என்றாள் அப்பாவிடம்.

"என்ன ஜெபம் பண்ணினோம்னு இங்கிலாந்துக்காரங்களுக்கு எழுதணும்லா. குளத்துல தாமரை பூத்துக் கெடக்குன்னு முந்தியே எழுதிட்டேன்."

ஊர் மானத்தைக் காப்பாற்ற அப்பா கடிதத்திலேயே வெட்டிய குளம் அது. எங்களுக்கு நாக்கு வறண்டபோதும் அது வற்றவில்லை. அன்று அவர் மேல் வந்த எரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஒரு வருடம் இங்கிலாந்திலேயே மழை பொய்த்தது. பத்திரிகையில் எங்களுக்கென்றே நாலு வரி போட்டிருந்தார்கள். தாமரைக் குளத்தோரம் வாழும் பாக்கியம் பெற்ற நாங்கள், வற்றிப்போன அவர்களுடைய ஓடைக்காக ஜெபிக்க வேண்டுமாம். சபை முழுவதும் முழங்காலில் நின்று உருகியது. அம்மா மட்டும் கண்ணை மூடவில்லை.

அன்று மத்தியானமே அப்பா பதில் எழுத உட்கார்ந்தார். 'எங்கள் பெண்கள் கண்ணீரோடு மன்றாடினார்கள்' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதியவர், தலை நிமிராமல், "ஏளா, கொஞ்சம் தண்ணி கொண்டா" என்றார்.

அம்மா குடத்துக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"அதான் குளம் நெறஞ்சு கெடக்கே. போய் மோந்து குடிங்க."