நினைத்தால் புரையேறும்

கூலாய் நகரத்தில் அப்பா தொழிற்சாலை பஸ் ஓட்டினார். ஹாரனைவிட அவர் குரலுக்குத்தான் ஆட்கள் பயந்து ஓடிவந்து ஏறுவார்கள். மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் கழுத்துக் குழாயில் இருந்த அடைப்பை அறுவை செய்து எடுத்த பிறகு, அந்தக் குரல் கரகரவென்று தேய்ந்துபோய் வீட்டுக்கு வந்தது. நரம்பு அசந்திருக்கிறது, சில மாதங்களில் சரியாகிவிடும் என்றாராம் டாக்டர். குரலைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாலும் புரையேறி, முகம் சிவந்து, அவர் மூச்சுத் திணறியதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

அம்மா ஒவ்வொரு தடவையும் அவர் உச்சந்தலையில் தட்டி, "யாரோ நினைக்கிறாங்க" என்பார்.

அது யார் என்று கண்டுபிடிப்பது என் பொறுப்பாயிற்று. சிகாமட் ஊரிலிருந்து அத்தை வந்து பார்த்து, அழுது, ஆரஞ்சுப் பழம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். இனி அவர் நினைக்க ஒன்றுமில்லை. மிச்சம் நான்தான். பள்ளியில் கணக்குப் பாடத்தில்கூட அப்பாவைத்தானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து அப்பாவை நினைப்பதில்லை என்று முடிவு செய்தேன். முகத்தைப் பார்த்தால் நினைப்பு வந்துவிடும் என்பதால் அவர் அறைப் பக்கமே போகவில்லை. சோற்றுத் தட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டேன். நினைப்பு எட்டிப் பார்க்கும்போதெல்லாம் வாய்ப்பாடு சொன்னேன். ஏழாம் வாய்ப்பாடு எனக்கு அப்படித்தான் மனப்பாடமானது.

ஒரு சாயங்காலம் அப்பா அம்மாவிடம் கேட்டது காதில் விழுந்தது. "பாப்பா கிட்டவே வர மாட்டேங்குது. இந்தக் குரலைக் கேட்டா பயப்படுதோ?"

அதற்குமேல் வாய்ப்பாடு உதவவில்லை. ஓடிப்போய் அவர் மடியில் விழுந்து, "நான் நினைச்சாதானே உங்களுக்குப் புரையேறுது" என்று அழுதேன்.

அம்மா சிரிக்கவில்லை. தட்டிப் பழகிய கையை மடியில் வைத்துக்கொண்டார். அப்பா மேசையில் இருந்த கோப்பியை எடுத்தார். புரையேறாமல் இருக்க ஆஸ்பத்திரியில் கொடுத்த மாவைக் கலந்து, கஞ்சிபோல் கெட்டியாக்கிய கோப்பி.

"இப்ப நினைச்சுக்கம்மா. நல்லா நினை."

கண்ணை இறுக மூடிக்கொண்டு நினைத்தேன். திறந்தபோது, ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்திருந்தபடி தாடையை நெஞ்சோடு ஒட்டி, மடக்கு மடக்காக விழுங்கிக்கொண்டிருந்தார். ஓர் இருமல்கூட இல்லை. கோப்பை காலியாகும்வரை கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கண்ணில் நீர் முட்டி நின்றது.

"பாத்தியா?" என்றார்.

பார்த்தேன். நினைப்பால் புரையேறாது என்று நிரூபணமாகிவிட்டது. எனக்கு உயிர் வந்தது. கண்ணில் ஏன் தண்ணீர் என்று கேட்டதற்கு, கோப்பி சூடு என்றார். மத்தியானம் போட்டு ஆறிப்போன கோப்பி அது. நான் நம்பினேன்.