வாஷ்பேசின் விதிகள்

விழுப்புரத்தில் நான் வேலை பார்க்கும் பண்பலை நிலையம் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருக்கிறது. ஸ்டுடியோவுக்கும் கழிப்பறைக்கும் நடுவில் உள்ள நடையில் ஒரு வாஷ்பேசின். கை கழுவ மட்டும் வைத்தது. சேர்ந்த முதல் மாதம், ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, அதில் நான் பார்த்தவை: ஊறிப் பிளந்த ஒரு இட்லி, அதன்மேல் யாரோ துப்பிய பற்பசை நுரை, வேகவைத்த மல்லாட்டையின், அதாவது வேர்க்கடலையின், தோல், மீன் முள், ஒரு தலைமுடி. முடி ஒன்றுதான். ஆனால் நீளம். இட்லிக்குள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்திருந்தது. அந்த வாரம் முழுவதும் வீட்டில் இட்லி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரணம் சொல்லவில்லை.

நான் படித்தது எலக்ட்ரானிக்ஸ். திண்டிவனத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து, ஆறே முக்காலுக்குக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உள்ள கட்டுப்பாட்டு அறையில் உட்காருவேன். மைக்குகளின் ஒலியைக் கூட்டிக் குறைப்பது, பாட்டு போடுவது, ஒலிபரப்புக் கருவியின் அளவுகளை மணிக்கு ஒருமுறை நோட்டில் எழுதுவது என் வேலை. ஏழு முதல் பத்து வரை காலை நகைச்சுவை நிகழ்ச்சி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு ஆண் ஆர்ஜே, ஒரு பெண் ஆர்ஜே. பஸ்ஸில் சில்லறைச் சண்டை, ரேஷன் கடை வரிசை, கரண்ட் போனது என்று அன்றாடம் நடப்பதை வைத்துப் பேசிச் சிரிக்க வைப்பார்கள். பேச்சுக்கு நடுவே பதிவு செய்த சிரிப்பொலியை நான் பட்டனை அமுக்கிச் சேர்ப்பேன்.

அந்தத் திங்கட்கிழமையே ஒரு தாளில் ஆறு விதிகள் எழுதி வாஷ்பேசினுக்கு மேலே ஒட்டினேன். எச்சில் தட்டு வைக்கக் கூடாது. பல் தேய்த்தால் நுரை போகும்வரை தண்ணீர் திறந்துவிட வேண்டும். மீன் முள் போடக் கூடாது. இப்படி. கையெழுத்துப் போடவில்லை. ஆனால் வரிசை எண் போட்டு, கோடு கிழித்து எழுதுவது அந்த அலுவலகத்தில் நான் ஒருத்திதான்.

மறுநாள் காலை ஆண் ஆர்ஜே அந்தத் தாளைப் பிய்த்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குள் போனார்.

"நம்ம ஆபீஸ்ல புது சட்டம் ஒண்ணு வந்துகீதுங்க," என்று மைக்கில் ஆரம்பித்தார். "ரூல் நம்பர் மூணு. மீன் முள்ளை பேசின்ல போடக் கூடாது. மீனு தண்ணியிலதான பொறந்துது? அத தண்ணியிலயே வுட்டா தப்பா?"

"ஏரில வுடுங்க, யாரு வேணாம்னா?" என்றார் பெண் ஆர்ஜே. "பேசின்ல வுட்டா அது எப்டி நீந்தும்?"

"முள்ளு எப்டிமா நீந்தும்?"

"ஒங்க ஜோக்கே ஒரு வருசமா ஓடுது. முள்ளு நீந்தாதா?"

சிரிப்பொலி பட்டனை அமுக்கியது நான்தான். வேலை அது.

போன் நிற்கவில்லை. திண்டிவனத்திலிருந்து ஒருவர், தன் மனைவி குளியலறைக் கதவில் ஒட்டியிருக்கும் நான்கு விதிகளை வாசித்தார். மனைவியின் குரல் பின்னாலிருந்து, "அஞ்சாவத வுட்டுட்டியே, அதான் முக்கியம்," என்றது. அடுத்த வாரமே அது நிரந்தரப் பகுதியாகிவிட்டது. என்னைப் பெயர் சொல்லாமல் "ரூல்ஸ் மேடம்" என்றார்கள். காலை பஸ்ஸில் கண்டக்டர் ஓட்டுநரிடம், "அந்த மேடம் வூட்டுக்காரன் பாவம்பா," என்று சொல்லிக்கொண்டே எனக்கு டிக்கெட் கிழித்தார். எனக்கு வீட்டுக்காரர் இல்லை. டிக்கெட்டை வாங்கிக்கொண்டேன்.

பகுதி ஓட வேண்டுமானால் தினமும் புது விதி வேண்டும். புது விதிக்குப் புது அசிங்கம் வேண்டும். ஒரு நாள் பாட்டு ஓடும் நேரத்தில் ஆண் ஆர்ஜே கூட்டேரிப்பட்டில் முந்தின நாள் மாலை வாங்கிய மல்லாட்டையை உரித்துத் தின்று, தோலை அள்ளி வாஷ்பேசினில் போட்டு, அதன்மேல் மீந்த தயிரையும் ஊற்றினார். நான் நடையில் நிற்பதைப் பார்த்தும் அவர் கை நிற்கவில்லை.

"மேட்டர் வேணாமா மேடம்? நீங்க ஒரு ரூல் எழுதுங்க, ஜல்தி. எட்டரைக்கு படிக்கணும்."

தயிர் தோலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு வாயில் உப்புத் தண்ணீர் ஊறியது. கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வாந்தி வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

அந்த மாதம் இருபதாம் தேதி வாக்கில்தான், ஒரு காலை, துப்புரவு வேலை செய்யும் அக்கா மாடிப்படியில் என்னை நிறுத்தினார். கெடாரிலிருந்து வருபவர். ஆறு மணிக்கு வந்து, தரை, கழிப்பறை, வாஷ்பேசின் எல்லாம் கழுவித் துடைத்துவிட்டு, நிகழ்ச்சி தொடங்கும்போது பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார்.

"பாப்பா, ஒண்ணாந் தேதிலேர்ந்து வர வேணாம்னு மேனேஜர் நேத்து போன்ல சொல்லிட்டாரும்மா."

"ஏன்க்கா?"

"பேசினு நாறுதாம். ஊரு பூரா சிரிக்குதாம். யாரோ வெளம்பரம் குடுக்கறவரு, ஒங்க ஆபீஸ் அவ்ளோ நாத்தமான்னு கேட்டுட்டாராம்." முழங்காலைப் பிடித்துக்கொண்டே படியில் உட்கார்ந்தார். "கேப்பக் கொல்லையில களை எடுக்கறவளுங்க போன்ல இதத்தான் வெச்சிக்கினு கேக்கறாளுங்க. 'ரேடியோவுல வேலன்னு பெருமையா சொல்லிக்கினு திரிஞ்சியே, இதானாடி ஒன் வேல'ன்னு சிரிக்கறாளுங்க. நான் கழுவிட்டுத்தான போறேன்? நீ வரும்போது பாத்துகினுதான கீற?"

"பார்க்கிறேன்க்கா. சுத்தமாத்தான் இருக்கு."

"இந்த முட்டிய வெச்சிக்கினு நான் திரும்ப களை எடுக்க குந்த முடியாது பாப்பா. குந்துனா எழுந்துக்க ரெண்டு பேரு வேணும்."

அவர் போன பிறகு என் ஆறு விதிகளையும் மனதில் ஓட்டிப் பார்த்தேன். அதன்பின் எழுதிக் கொடுத்தவற்றையும். யார் போடக் கூடாது, எதைப் போடக் கூடாது, எவ்வளவு தண்ணீர் என்றெல்லாம் இருந்தது. அதைக் கழுவுகிற ஒருவர் இருக்கிறார் என்று எங்கும் இல்லை. அன்றைக்கு வாஷ்பேசினைவிட என்மேல்தான் அருவருப்பு அதிகம்.

அன்றிலிருந்து வாஷ்பேசினில் எந்த நேரம் என்ன கிடக்கிறது என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். ஐந்து நாள். ஒரு வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வந்த மேனேஜரிடம் நோட்டை நீட்டி, அந்த அக்கா கிளம்பும்போது வாஷ்பேசின் காலியாக இருப்பதையும், நிகழ்ச்சி நடக்கும்போதுதான் நிரம்புவதையும் காட்டினேன். அவர் முதல் பக்கத்தைப் படித்தார். உதடு துடித்தது. இரண்டாம் பக்கத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"சூப்பர்மா! நாளைக்கு இத அப்படியே ஷோல படி. ஒன் குரல்லயே."

"சார், அந்த அக்கா விஷயம்..."

"அது வேற. அத அப்புறம் பாக்கலாம்."

வெள்ளிக்கிழமை எட்டரைக்கு, கட்டுப்பாட்டு அறையில் உள்ள என் மைக்கிலிருந்தே படித்தேன். வெளியே போகும் ஒலி எல்லாம் என் கைக்குக் கீழே இருந்தது. என் குரலை நிறுத்துவதானால் நான்தான் நிறுத்த வேண்டும்.

"ஆறு ஐம்பது. பேசின் காலி. துடைத்துக் காய்ந்திருக்கிறது. ஏழு இருபத்தைந்து. மல்லாட்டைத் தோல், இரண்டு கை. ஏழு நாற்பத்தைந்து. எச்சில் தட்டு, அதன்மேல் பற்பசை நுரை."

"பல்லு தேக்கறது ஒரு குத்தமாங்க?" என்றார் ஆண் ஆர்ஜே.

"ஏழே முக்காலுக்கா? ஷோ ஆரம்பிச்சி முக்கா மணி நேரம் ஊத்த வாயோடவா எங்கிட்ட பேசிக்கினு இருந்தீங்க?" என்று பெண் ஆர்ஜே நாற்காலியைப் பின்னால் தள்ளினார். அது நடிப்பில்லை.

"எட்டு பத்து. மீன் முள். ஒன்பது ஐந்து. அதே முள், மேலே தயிர்," என்று படித்து முடித்தேன். பிறகு நோட்டில் இல்லாததைச் சொன்னேன். "ஆறு ஐம்பதுக்கு இதைக் கழுவி வைத்துவிட்டுப் போகிறவரை, பேசின் நாறுகிறது என்று வேலையை விட்டு நிற்கச் சொல்லியிருக்கிறார்கள்."

சிரிப்பொலி பட்டன் என் பக்கத்தில் இருந்தது. தொடவில்லை. ஆண் ஆர்ஜே கண்ணாடி வழியே என்னைப் பார்த்தார். முதல் போன் வந்தது.

"டேய்," என்றது ஒரு பெண் குரல்.

"அம்மா?" என்றார் ஆண் ஆர்ஜே.

"வூட்லதான் சோறு போட்ட தட்டுலயே கைய கழுவிக்கினு போற. நான் பெத்த கடனுக்கு எடுக்கறேன். அந்தப் பொம்பள ஏன்டா எடுக்கணும்?"

"அம்மா, இது லைவ்மா."

"இருக்கட்டும். நாலு பேரு கேக்கட்டும்."

அடுத்து குயிலாப்பாளையத்திலிருந்து ஒரு பெண். ஆரோவில்லில் ஒரு விருந்தினர் விடுதியில் பாத்திரம் கழுவுகிறாராம். ஜோக் எதுவும் சொல்லவில்லை. "அந்த அக்காவ வெச்சிருக்கீங்களா, எடுத்துட்டீங்களா? அத மட்டும் சொல்லுங்க," என்றார். பெண் ஆர்ஜே என்னைப் பார்த்தார். நான் பாட்டு போட்டேன். அந்தப் பாட்டு முடிவதற்குள் மேனேஜர் காரிலிருந்து என்னைக் கூப்பிட்டார். அவர் திட்டவில்லை. "வெச்சிருக்கோம்னு சொல்லிடச் சொல்லு. நம்ம குடும்பத்துல ஒருத்தர்னு சேத்து சொல்லச் சொல்லு. நல்லா எடுபடும்," என்றார். பெண் ஆர்ஜே முதல் பாதியை மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை காலை நான் போனபோது அக்கா வாஷ்பேசின் முன்னால் விளக்குமாற்றோடு நின்றிருந்தார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் யாரும் எதுவும் போடவில்லை. தண்ணீர்க் கறைகூட இல்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அவர் முகத்தில் அது இல்லை.

"யாரு கழுவுனாங்க பாப்பா?"

"யாரும் கழுவலக்கா. யாரும் போடல."

"இப்டியே இருந்துச்சின்னா?" என்று குரலைத் தாழ்த்தினார். "இதுக்கு ஒரு ஆளு எதுக்குன்னு அந்த மேனேஜரு கேக்க மாட்டாரா? நீ போயி அந்தத் தம்பிகிட்ட சொல்லு. முள்ளு, கிள்ளு வேணாம். டீ கிளாஸ் ரெண்டு, ஒரு தட்டு... அந்த மாதிரி எதனா போட்டு வெக்கட்டும்."

தரை இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, அதற்கெல்லாம் ஆள் வேண்டும்தானே என்றேன். தலையை ஆட்டினார். நம்பவில்லை. குனிந்து, காய்ந்து பளபளத்துக்கொண்டிருந்த வாஷ்பேசினில் சோப்புத் தூளைக் கொட்டி, தேங்காய் நாரால் சத்தம் நடை முழுக்க எழும்ப அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தார். ஸ்டுடியோக் கதவைத் திறந்துகொண்டு ஆண் ஆர்ஜே எட்டிப் பார்த்தார். "இன்னும் சத்தமா தேக்கணும்," என்று எனக்கு மட்டும் கேட்கும்படி அக்கா சொன்னார்.