பத்துச் சொட்டு

அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவள் 'கண்ணாடிக்கடை அக்கா'. மூக்குக் கண்ணாடி விற்கும் கடையில் பதினாறு வருடமாக வேலை. ஸ்குரூ கழன்ற பிரேம், காது வளைவு தளர்ந்த பிரேம், பேரன் மேலே உட்கார்ந்து நசுக்கிய பிரேம் எல்லாம் அவள் மேசைக்குத்தான் வரும். எள்ளை விடச் சின்ன ஸ்குரூவை இடுக்கியால் எடுத்து ஓட்டையில் வைத்து இரண்டு சுற்று முடுக்குவாள். கை துளி அசையாது. "அக்காவுக்குக் கையில நரம்பே கிடையாதுப்பா" என்று முதலாளி கிண்டல் பண்ணுவார். அவளும் சிரிப்பாள். ஆனால் பேச்சு அவள் புருஷன் கைப் பக்கம் திரும்பினால் சட்டென்று வேலையில் குனிந்துகொள்வாள்.

புருஷன் நாலு தெரு தள்ளி சலூன் வைத்திருந்தார். ஒற்றை நாற்காலி, எதிரும் புதிருமாக இரண்டு கண்ணாடி. மனுஷர் வாய் ஓயாமல் பேசுவார். உலகத்தில் எந்த மூலையில் யார் பதவி போனாலும் அதற்கான காரணம் அவருக்குத் தெரிந்திருக்கும். கத்தி வைத்துச் சவரம் பண்ணுவதில் மட்டும் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. கழுத்தை நீட்டிக்கொண்டு கண்ணை மூடினவர்கள் அப்படியே குறட்டை விடுவார்கள். கரணம் தப்பினால் மரணம் என்கிற வேலை, அவருக்கு வெண்ணெய் தடவுகிற மாதிரி.

பதினோரு வருடத்துக்கு முன்னால் அந்த மனுஷருக்குக் குரல் கேட்க ஆரம்பித்தது. முதலில் கடை ரேடியோ தன்னைப் பற்றிப் பேசுகிறது என்றார். ரேடியோவை உடைத்த பிறகும் பேச்சு நிற்கவில்லை. மூன்று நாள் சோறு தண்ணீர் இல்லாமல் கதவைத் தாழ் போட்டுக்கொண்டார். நாலு பேர் கதவை உடைத்து, தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் போட்டார்கள். அங்கே கையையும் காலையும் கட்டிலோடு கட்டி வைத்தார்கள். குரல் போய்விட்டது. கட்டின தழும்பு போகவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இனி என்னை அந்த வாசலை மிதிக்க வைக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு. மாத்திரை, கீத்திரைன்னும் எங்கிட்ட வராதே" என்றார். அழுதுகொண்டே கேட்கிற புருஷனிடம் எந்தப் பெண்தான் மாட்டேன் என்பாள்? சத்தியம் பண்ணினாள்.

பிறகு அவள் தனியாக மனநல டாக்டரைப் போய்ப் பார்த்தாள். நிறமும் வாசனையும் இல்லாத சொட்டு மருந்து ஒன்றை அவர் எழுதிக் கொடுத்தார். "தெரியாம கொடுக்கிறது சரியில்லைம்மா. நிலைமை கொஞ்சம் தெளிஞ்சதும் எடுத்துச் சொல்லி, அவரை இங்க கூட்டிட்டு வரணும்" என்று கண்டிப்பாகச் சொன்னார். அவளும் சரி சரி என்று தலையாட்டினாள். காலைக் காப்பியில் பத்துச் சொட்டு. சீசா உப்பு ஜாடிக்குப் பின்னால்.

'கொஞ்சம் தெளிஞ்சதும்' என்பது பதினோரு வருடமாக வரவே இல்லை! தெளியாமல் இருந்தபோது சொல்லப் பயம். தெளிந்த பிறகு, எதற்குக் கிளறுவானேன் என்று இருந்துவிட்டாள். "தானா வந்துச்சு, தானா போச்சு. மனசுல தைரியம் வேணும், அவ்வளவுதான்" என்று அவர் வாடிக்கையாளர்களுக்கு உபதேசம் வேறு பண்ணுவார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். மறைத்தவளைத் திட்டுவது சுலபம். அவள் இடத்தில் இருந்து பார்த்தால்தானே தெரியும்?

போன வருடம் அவர் வலது கை நடுங்க ஆரம்பித்தது. சும்மா வைத்திருந்தால் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கண்ணுக்குத் தெரியாத மாத்திரை ஒன்றை உருட்டுகிற மாதிரி ஓயாமல் உரசிக்கொள்ளும். நடை சுருங்கியது. எதற்கும் சிரிக்கிற முகம் மரம் போல ஆனது. ஒருநாள் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவருக்குக் காதுக்குக் கீழே கீறிவிட்டார். யானைக்கும் அடி சறுக்கும் என்று வாத்தியார் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம் வரவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஒரே மாதத்தில், கழுத்தை நம்பிக் கொடுக்க ஆளில்லாமல் போயிற்று.

சொட்டு மருந்தால் கை நடுங்கலாம், நடுங்கினால் உடனே சொல்லுங்கள் என்று மனநல டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். அவளுக்கு அது மறக்கவில்லை. சொன்னால் மருந்தைக் குறைப்பார்கள், குறைத்தால் குரல் வரும். அதனால் சொல்லவில்லை. பழைய சீட்டைக் காட்டியே மருந்துக்கடையில் வாங்கிக்கொண்டிருந்தாள்.

யாரோ ஒருவர் சொல்லி, புருஷன் தானாகவே நரம்பு டாக்டரிடம் கிளம்பினார். அவளும் கூடப் போனாள். டாக்டர் கையை மடக்கி நீட்டிப் பார்த்தார், நடக்கச் சொன்னார், திரும்பச் சொன்னார். "வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?"

"தலைவலி மாத்திரை கூடப் போட்டதில்லை டாக்டர். வேணும்னா இவளைக் கேளுங்க" என்றார் பெருமையாக.

டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் தன் பையின் வாரைத் திருகிக்கொண்டு, "ஆமாங்க, ஒண்ணும் இல்லை" என்றாள். பாவி! அந்த அறைக்கு வெளியே டாக்டரைத் தனியாகப் பிடித்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். புருஷன் தன்னை ஒரு நிமிடம் கூட விட்டு நகரவில்லை என்று பிற்பாடு தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தாள். அது எடுபடவில்லை.

நரம்பு டாக்டர் கொடுத்த மாத்திரையில் கை நடுக்கம் நின்றது. மூன்றே வாரத்தில் மனுஷர் வீட்டுத் தண்ணீர்க் குழாயடியில் நுரை போட்டுத் தானே சவரம் பண்ணிக்கொண்டு, கன்னத்தைத் தடவிக் காட்டினார். "பாரு, ஒரு கீறல் இருக்கா?" அவர் சிரித்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. வாத்தியாரைக் கூட நேரில் போய் அழைத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

அந்த மாதக் கடைசியில் ஒரு மத்தியானம். கடைக்குச் சோறு கொண்டுபோன அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். வாத்தியார் பாதி முகம் நுரையோடு உட்கார்ந்திருந்தார். புருஷன் கத்தியை அந்தரத்தில் பிடித்தபடி, "என்ன சொன்னீங்க?" என்று கேட்டார்.

"நான் ஒண்ணும் சொல்லலையேப்பா."

"இல்ல, சொன்னீங்க. மறுபடி சொல்லுங்க."

வாத்தியார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மெள்ள எழுந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியேறினார். புருஷன் கத்தியை மடக்கினார். கடையைப் பூட்டிச் சாவியை அவள் கையில் வைத்தார்.

"நீயே வச்சுக்க. அது கத்தியைப் பத்திப் பேசுது" என்றார். கை அப்போது அருமையாக நின்றிருந்தது.

மறுநாள் காலை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு மனநல டாக்டரிடம் ஓடினாள். இந்தத் தடவை ஒன்றையும் மறைக்கவில்லை. டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு விளக்கினார்.

"மூளையில டோபமைன்னு ஒரு சரக்கு ஓடுதும்மா. நரம்புக்கு நரம்பு சேதி சொல்றது அதுதான். ஒரு பக்கம் அது கட்டுமீறினா இல்லாத குரல் கேக்கும். இன்னொரு பக்கம் அது போய்ச் சேரலைன்னா கை நடுங்கும், உடம்பு இறுகும். நீங்க கொடுத்த சொட்டு அது நுழையற வாசலை அடைக்கிற மருந்து. அதுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு வித்தியாசம் தெரியாது, எல்லா வாசலையும் கொஞ்சம் கொஞ்சம் அடைக்கும். அதுலதான் கை நடுங்கிச்சு. நரம்பு டாக்டருக்கு அது தெரியாது. சரக்கு கம்மி போலிருக்குன்னு அள்ளிக் கொட்டிட்டார்."

"கையும் நிக்கணும், குரலும் வராம இருக்கணும் டாக்டர். அப்படி ஏதாவது..."

"கைக்கு அவ்வளவா தொந்தரவு பண்ணாத வேற மருந்து இருக்கு. ஆனா அதுக்கு அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்கணும், அவர் நேர்ல வரணும். திருட்டுத்தனமா நடக்காது. நரம்பு டாக்டர்கிட்ட நான் பேசிக்கிறேன். நாளைக்கு உண்மையைச் சொல்லிக் கூட்டிட்டு வாங்க."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். இனி மறைப்பதில்லை என்று முடிவு பண்ணினாள். சத்தியத்தை மீறியதற்கு அவர் நாலு அறை விட்டாலும் வாங்கிக்கொள்வது, காலில் விழுந்தாவது கூட்டிக்கொண்டு போவது. எப்படி ஆரம்பிப்பது என்று வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

காலையில் காப்பியை வைத்தாள். வழக்கம் போலப் பத்துச் சொட்டு அதில் இருந்தது. அவர் எடுக்கவில்லை.

"ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"இரு. முதல்ல நான் சொல்லிடறேன்." தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "ராவெல்லாம் அது ஒரே பேச்சு. நீ தினமும் என் காப்பியில என்னமோ கலக்குறியாம். என் கையை முடக்கினதே நீதானாம். பொய்தானே?"

இருதலைக்கொள்ளி எறும்பு என்பார்களே, அன்றைக்கு அவள் அதுதான். ஆமாம் என்றால் குரல் ஜெயித்துவிடும். அது சொன்ன ஒன்று நிஜம் என்றால் மற்றதும் நிஜம், கத்தியைப் பற்றிச் சொன்னதும் நிஜம். அப்புறம் அவர் இவள் பேச்சை ஏன் கேட்கப் போகிறார்? இவள் கையால் ஒரு வாய்த் தண்ணீர் கூடக் குடிக்க மாட்டார்.

"பொய்ங்க" என்றாள்.

"எனக்குத் தெரியும்." பெருமூச்சு விட்டார். "என் பொண்டாட்டி அப்படிப்பட்டவ இல்லைன்னு அதுகிட்டயும் சொல்லிட்டேன். அது கேக்க மாட்டேங்குது. ஒண்ணு பண்ணுவோம். பாதி நீ குடி, பாதி நான் குடிக்கிறேன். அது வாயை அடைச்சிடலாம்."

இன்னொரு டம்ளரை எடுத்து அவரே அளவு பார்த்து ஊற்றினார். அவள் மடக் மடக் என்று குடித்தாள். அவரும் குடித்தார். "பாத்தியா!" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

என்னிடம் ஒன்று சொல்லவேண்டும் என்றாயே, என்ன என்று அவர் கேட்டபோது, "அந்த நரம்பு மாத்திரை வேண்டாங்க, அதுலதான் இந்தத் தொல்லை ஆரம்பிச்சுது" என்றாள். "நீ சொன்னா சரி" என்று மறுபேச்சில்லாமல் நிறுத்தினார். ஆஸ்பத்திரிப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. மனநல டாக்டரிடம் மறுபடி போகவும் முகம் இல்லை.

அன்றிலிருந்து தினமும் பாதிக் காப்பிதான். பத்தில் ஐந்துதான் அவருக்குப் போகிறது என்று கணக்குத் தெரிந்தவள் என்ன பண்ணுவாள்? இருபதாக்கினாள். அவருக்குப் பத்து, தனக்குப் பத்து.

குரல் அடங்கியது. பக்கத்து வீட்டில் யாரோ பேசுகிற மாதிரி, அர்த்தம் புரியாமல் எங்கேயோ கேட்கிறது என்றார். கை மறுபடி நடுங்கியது. சலூன் பூட்டு துருப்பிடித்தது. அவளுக்கோ நாக்கு தடித்தது, பகலெல்லாம் கண் சொருகியது. உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சொல்லிக் கால் பிடுங்கும், எழுந்தால் உட்காரச் சொல்லும். கடையில் இடுக்கியிலிருந்து ஸ்குரூ விழுந்தது. தேடி எடுத்தால் மறுபடி விழுந்தது. முதலாளி கிண்டலை நிறுத்திக்கொண்டார். கொஞ்ச நாளில் அவள் மேசையை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு, அவளைக் கண்ணாடி துடைக்க வைத்தார்.

ஒரு காலை அவளால் சொட்டை எண்ண முடியவில்லை. பதினேழா பத்தொன்பதா என்று தெரியாமல் சீசாவை மூடி உப்பு ஜாடிக்குப் பின்னால் தள்ளினாள். காப்பியைக் கொண்டுவந்தபோது டம்ளர் தட்டில் கடகடவென்று அடித்துக்கொண்டது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அவள் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். இரண்டு கையும் சேர்ந்து நடுங்கின.

"உனக்குமா?" என்றார். பிறகு, எத்தனையோ மாதத்துக்கு அப்புறம், அந்த மரத்த முகம் சிரித்தது. "ஜாடிக்கேத்த மூடின்னு சும்மாவா சொன்னாங்க! பயப்படாதே, நான் இருக்கேன்ல?"

காப்பியை இரண்டாகப் பிரித்தார். பிரித்தவர் கொஞ்சம் யோசித்து, தன் டம்ளரிலிருந்து இன்னும் கொஞ்சம் அவள் டம்ளரில் ஊற்றினார்.

"உடம்புக்கு முடியாதவ. நீ சேத்துக் குடி" என்றார்.

அவள் குடித்தாள்.