எஸ்தர் மூடிய திரை

செவ்வாய் காலை நாஷ்டாவுக்கு உட்கார்ந்தபோது ஏழுமலை போன் செய்தான். "எஸ்தர் அக்கா பூட்டாங்கண்ணா. ஷிஃப்டு முடிஞ்சி பஸ்ஸுல வந்துகினு இருந்தாங்களாம், நெஞ்சு வலி." இட்லி அப்படியே கிடந்தது. அன்று நடக்க ஆரம்பித்தவன் இன்னும் ஓரிடத்தில் உட்கார முடியாமல் அலைகிறேன்.

பள்ளிகளுக்கு இலவசமாகக் கொடுக்க, யாரும் திறந்து திருத்தக்கூடிய ஓர் இயங்குதளத்தை ஞாயிறுதோறும் கும்மிடிப்பூண்டியில் கூடிச் செய்துவரும் நமக்குத் தெரியும், எஸ்தரும் நானும் எதற்கு முட்டிக்கொண்டோம் என்று. ஒலி அமைப்புக்குத்தான். ஒரு நேரத்தில் ஒரு செயலி மட்டும் ஸ்பீக்கரை நேராகப் பிடித்துக்கொள்ளட்டும் என்றேன். நான் சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவன். விரல் பட்டதும் சத்தம் வர வேண்டும் எனக்கு. எல்லாச் சத்தமும் நடுவில் ஒரு நிரலில் கலந்து போகட்டும், முக்கியமானது வந்தால் மற்றது அடங்கட்டும் என்றார் அவர். தாமதமாகுமே என்று கத்தினேன்.

தொழிற்பேட்டையில் கன்ட்ரோல் ரூம் வேலை அவருக்கு. "இன்னா பீட்டரு, பாட்டு முடியட்டும்னு சைரன் காத்துக்கினு இருக்குமா?" என்றார்.

சொன்னதோடு விடவில்லை. தன் துப்பட்டாவை என் திரைமேல் போட்டு மூடினார். "இப்ப வேலை செய், பாக்கலாம்." நம் குழுவில் ஏழுமலைக்குப் பார்வை இல்லை, திரையில் உள்ளதைக் கம்ப்யூட்டர் வாசிக்கக் கேட்டுத்தான் வேலை செய்வான். என் வடிவமைப்பில் பாட்டு ஸ்பீக்கரைப் பிடித்துக்கொள்ள, வாசிக்கும் குரல் ஊமையாகிவிட்டது. பாட்டை நிறுத்தவும் வழி தெரியாமல் விசைகளைத் தட்டிக்கொண்டிருந்தேன். "பேஜாரா கீதாண்ணா?" என்று ஏழுமலை சிரித்தான். எனக்கு எரிச்சலாக வந்தது. அன்றுமுதல் எதைச் சோதித்தாலும் முதலில் திரையை மூட வேண்டும் என்பது எஸ்தரின் சட்டம்.

அப்போதும் நான் இறங்கவில்லை. "தாமதத்தைக் குறைத்துக் காட்டுங்கள், உங்கள் பக்கம் கை தூக்குகிறேன்" என்றேன். "வர்ற ஞாயித்துக்கெழம உன்ன கை தூக்க வெக்கலன்னா பாரு" என்றார். அந்த ஞாயிறு அவருக்கு வரவில்லை. பாவி மனுஷி, பாதிச் சண்டையில் எழுந்து போய்விட்டாரே!

கல்லறையிலிருந்து திரும்பும்போது ஏழுமலையிடம் கேட்டேன், உனக்கு யார் சொன்னது என்று.

"அக்கா தம்பி மெசேஜ் போட்டிருந்தாருண்ணா. நான் பாட்டு கேட்டுக்கினு இருந்தேன். அக்கா போட்டுக் குடுத்த வெர்ஷன். பாட்டு தானா அடங்குச்சி. அப்புறம் குரல் படிச்சிது."

ஞாயிற்றுக்கிழமை முதலில் தூக்கிய கை என்னுடையது. கேலி செய்யத்தான் ஆள் இல்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சட்டம்தான். இந்த அஞ்சலியையும் திரைமேல் துண்டைப் போட்டு மூடிவிட்டு, குரல் வாசிக்கக் கேட்டே திருத்தினேன். எஸ்தர் என்ற பெயரை அது தடுமாறாமல் சொல்கிறது. நான்தான் அந்த இடத்தில் நிறுத்தி நிறுத்தித் திரும்பக் கேட்கிறேன்.