பார்க்கில் என்னை முந்தாத மனிதர்

முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு இன்றுதான் காக்ஸ் டவுன் பார்க்கில் துணையில்லாமல் நடந்தேன்.

பின்னால் குரங்குக் குல்லா போட்ட ஒருவர். பார்க்கே என்னை முந்திப் போகிறது. இவர் மட்டும் முந்தவில்லை. நான் வேகத்தைக் குறைத்தால் அவரும் குறைக்கிறார். செயினைத் துப்பட்டாவுக்குள் தள்ளிக்கொண்டேன்.

அவர் முன்னால் போகட்டும் என்று ஷூ லேஸ் கட்டுவதுபோல் நின்றேன். முட்டி மடங்கினால்தானே குனிய முடியும்? சும்மா ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவரும் நின்று, மரத்தைப் பார்த்தார்.

"என்ன சார் வேணும் உங்களுக்கு?" கத்தியேவிட்டேன்.

"ஸ்வல்ப... கொஞ்சம் உக்காருங்க மேடம்." முகமெல்லாம் வேர்வை. "எனக்கும் முட்டி ஆபரேஷன்தான். நீங்களே உக்காரல, நான் மட்டும் எப்படி உக்கார்றது?"

ஒரே பெஞ்சில் ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்தோம்.

"வலி இருக்கா சார்?"

"சே சே, இல்லவே இல்ல. உங்களுக்கு?"

"எனக்கும் இல்ல."

வெயில் ஏறிவிட்டது. யாரும் முதலில் எழுந்திருக்கவில்லை. இதையும் பெஞ்சிலிருந்துதான் எழுதுகிறேன். முனகாமல் எழுந்திருக்க வழி தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள். அவரும் போனில் என்னவோ வேகமாக டைப் செய்கிறார். எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.