சுடாத துப்பாக்கி

ஏலக்கடையில் எல்லோரும் அவளைப் பூதக்கண்ணாடி என்றே கூப்பிட்டார்கள். ஏலத்துக்கு வரும் பொருள்களைச் சோதித்துப் பட்டியலுக்குக் குறிப்பு எழுதுவது இருபத்தாறு வருடமாக அவள் வேலை. ஊரார் வீட்டு அலமாரியையும் கடிகாரத்தையும் குனிந்து பார்த்துப் பார்த்துக் கண்ணும் முட்டியும் தேய்ந்துவிட்டன.

அந்த வாரம் ஒரு பிரபு வீட்டு இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கி வந்தது. தொண்ணூறு வருடத்துப் பொருள். விசைக்கு மேலே தகட்டில் ஓடும் மான்களை மயிரிழை மயிரிழையாகச் செதுக்கியிருந்தார்கள். கூடவே ஒரு கடிதம்: மறைந்த பிரபு இதைக்கொண்டு நாற்பது காட்டுப்பன்றிகளை வீழ்த்தினாராம்.

குழலுக்குள் விளக்கைப் பிடித்துப் பார்த்தாள். குண்டைச் சுழற்றிவிட உட்சுவரில் வெட்டியிருந்த பள்ளங்கள் தேய்மானமே இல்லாமல், நேற்றுக் கடைந்தவை போலிருந்தன.

"நாப்பது பன்றியா? இது ஒரு கொசுவைக்கூடச் சுட்டதில்லை," என்றாள் மேலாளரிடம்.

"நமக்கெதுக்கு வம்பு? கடிதத்துல இருக்கறதை அப்படியே எழுதிடுங்க. வேட்டைக்கதை இருந்தாத்தான் எடுப்பா இருக்கும்."

எழுதிவிட்டால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். பேனாவை எடுத்தாள், கை ஓடவில்லை. கடைசியில் பிரபுவின் மகனுக்குப் போன் போட்டாள்.

மறுநாள் மதியம் அவர் மாடிப்படியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கி வந்து சேர்ந்தார். எழுபது வயதைத் தாண்டியவர்.

"தப்பா நினைக்காதீங்க ஐயா. இதை யாரும் சுட்ட மாதிரி தெரியலை."

அவர் துப்பாக்கியைத் தொடவில்லை.

"அப்பாவுக்கு ரத்தத்தைக் கண்டாலே மயக்கம் வரும்மா. காட்டுல ஒரு மரத்தடியா பார்த்து உக்காந்துடுவார். ஆளுங்க சுட்டதெல்லாம் அவர் பேருல சேரும். அப்புறம் விருந்துக்கு வர்றவங்ககிட்ட ஒவ்வொரு பன்றிக்கும் ஒரு கதை சொல்லணும்."

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

"படுத்த படுக்கையா இருந்தப்ப அவரே சொன்னார். 'அலுத்துப்போச்சுடா'ன்னார். இப்ப எனக்கும் அலுத்துப்போச்சு. அந்தக் கடிதம் நான் எழுதினதுதான். கிழிச்சுப் போட்டுட்டு உள்ளதை எழுதுங்க."

எழுதினாள். பட்டியலைப் பார்த்த மேலாளர் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

ஏலத்தன்று வேட்டைப் பிரியர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். இரண்டே கைகள் எழுந்தன. செதுக்கு வேலை கற்றுத்தரும் ஒரு பள்ளி அதை எடுத்தது; மான்களைப் பார்த்து மாணவர்கள் வரைந்து பழகுவார்களாம்.

"நல்ல இடத்துக்குத்தான் போகுது," என்றார் ஏலம் பார்க்க வந்திருந்த மகன். வாசல்வரை அவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவிட்டாள்.

கிடங்கில் இன்னும் எண்பது நாற்காலிகள் காத்திருந்தன. முட்டியைத் தடவிக்கொண்டு, முதல் நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்தாள்.